பொந்தில் அடித்த போன்

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் நான் கேட் காவலாளி. பெயர் கன்னியப்பன், ஊர் பிள்ளைப்பாக்கம். கேமரா வைத்த போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். ஷிப்டுக்கு வருகிற பிள்ளைகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். அலமாரியில் ஒரு பொந்துக்கு ஒரு போன்.

அவர்கள் உள்ளே போனதும் போன்கள் கத்த ஆரம்பிக்கும். நான் எதையும் தொட்டதில்லை. ஆனால் ஒருநாள் இசக்கிதுரையின் போன் விடாமல் அதிர்ந்து, பொந்தைவிட்டு இறங்கி, மேசைமேல் நடந்து, கேட் வரைக்கும் வந்துவிட்டது. கேட் பாஸ் இல்லாமல் வெளியே விட எனக்கு அதிகாரம் இல்லை. பிடித்துக் காதில் வைத்தேன்.

"எய்யா, சாப்பிட்டியா?" என்றது ஒரு பெண் குரல்.

"தம்பி உள்ள லைன்ல கீறாரும்மா. நான் கேட்டு செக்யூரிட்டி."

"அப்படியா அண்ணாச்சி? நான் அவன் அம்மா, முப்பிடாதி. சங்கரன்கோவில் பக்கம். பிள்ளை நல்லா சாப்பிடுதானா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? கேன்டீன் மாஸ்டரு அவருக்குன்னே தனியா ஒரு அண்டா வெச்சிக்கிறாரு."

"ஏயப்பா! வேலையெல்லாம்?"

"அவரு வரலைன்னா மெஷினே ஓடாது. மேனேஜரு கேட்டாண்ட வந்து எங்கிட்ட யோசனை கேப்பாரு, இன்னா பண்லாம்பான்னு."

மறுநாளும் போன் வந்தது. பிறகு தினமும். மகன் உள்ளே இருக்கும் நேரமாகப் பார்த்து அழைக்க அந்தம்மாள் பழகிக்கொண்டாள்.

"எங்க வீட்டு ஆடு டிவி பாக்கும் அண்ணாச்சி. சீரியல் போட்டாத்தான் தழை திங்கும்" என்றாள் ஒருநாள். எதிர்முனையிலும் என்னைப்போல் உண்மை மட்டுமே பேசும் ஒருத்தி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

எனக்கும் ஒரு போன் உண்டு. குன்றத்தூரில் இருக்கும் மகள் சசிரேகா வாங்கித் தந்தது. காலையில் அதில் ஒரு ரோஜாப்பூ அனுப்புவாள். நானும் ஒரு ரோஜாப்பூ அனுப்புவேன். அத்தோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்தது. மனைவி போனபிறகு நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியது முப்பிடாதியம்மாளிடம்தான்.

இந்த நேரத்தில் கம்பெனி ஒரு போர்டு மாட்டியது: போனை அணைத்துக் கொடுக்கவும்.

அலமாரி ஊமையாகிவிட்டது. அந்தம்மாள் நம்பரோ அணைத்த போனுக்குள். இசக்கிதுரையிடம் கேட்கலாம்தான். ஆனால் அறுபத்தெட்டு வயதில், ஒரு வாலிபனிடம், 'உங்க அம்மா நம்பர் குடு' என்று எந்த முகத்தோடு கேட்பது? தினமும் அவன் வரும்போது தொண்டையைச் செருமுவேன். "தம்பி..." என்பேன். அவன் நிமிர்வான். "டோக்கன் பத்திரம்" என்று முடித்துவிடுவேன்.

ஒரு வாரம் போனது. ஷிப்டு முடிந்து வந்த இசக்கிதுரை, சிவந்த கண்ணோடு என் முன்னால் நின்றான்.

"தாத்தா, எங்கம்மாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீய?"

"நான் இன்னா சொன்னேன்? சாப்ட்டியான்னு கேட்டாங்க..."

"மேனேஜரே உங்ககிட்டதான் யோசனை கேப்பாராமே! இப்ப உங்களைக் காணும்னு என் உசுர வாங்குதா. அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்லையா, வேலையை விட்டுட்டாரான்னு மணிக்கொருதரம் போன். கண்ணை மூட விடமாட்டேங்கா. உங்க நம்பரைச் சொல்லுங்க, நான் தூங்கணும்."

"அதெல்லாம் எதுக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே நம்பரைச் சொன்னேன். அவசரத்தில் ஒரு எண் கூடுதலாகப் போய்விட்டது. அவன்தான் எண்ணிப் பார்த்துத் திருத்தினான்.

மறுநாள் கேட்டில் நாதஸ்வரம் கேட்டது. எந்தப் பிள்ளை அணைக்காமல் கொடுத்தானோ என்று பொந்து பொந்தாகக் காது வைத்தேன். வாசித்தது என் சட்டைப்பை. என் போன் அடித்தால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, எடுக்க இம்புட்டு நேரம்?"

"கேட்டுல கன்டெய்னர் லாரி ஒண்ணு சிக்கிக்கிச்சும்மா. ஒத்தக் கையால தள்ளிவுட்டு வரேன்."

"அந்தால, இன்னொரு கையில என்ன வச்சிருந்தீய?"

"டீ கிளாஸு."

"சிந்தலையே?"