இறக்கை சுத்தமில்லை

விமான இறக்கையில் உறைந்திருக்கும் பனியைச் சுடுதிரவம் அடித்துக் கரைப்பது என் வேலை. மினசோட்டாவின் வடக்கில் எங்கள் சிறிய விமான நிலையத்தில் இருபத்திரண்டு குளிர்காலமாக இதைத்தான் செய்கிறேன். பெட்டி ஏற்றுவதும் நான்தான். தோள் இரண்டும் எப்போதோ போய்விட்டன.

லோவல் ஹாகன் காலை மினியாபோலிஸ் விமானத்தின் கேப்டன். புறப்படும் முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கும் வேலையைத் துணை விமானியிடம் விட்டுவிடும் கேப்டன்களே அதிகம். லோவல் தானே இறங்கி வருவான். மூன்று நிமிடம். டயருக்கு ஒரு உதை, எனக்கு ஒரு கிண்டல்.

"என்ன ஆர்வோ, இன்னும் சாகலையா நீ?"

"உன் பெட்டியைத் தூக்க வேற ஆள் கிடைக்கட்டும். அப்புறம் சாகுறேன்."

அக்டோபரில் பல் பிடுங்கிக்கொள்ள ஹிப்பிங் போயிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து எழுபது மைலுக்கு மேல். பல் டாக்டருக்கு எதிர்க் கதவு மனநல டாக்டருடையது. அதிலிருந்து லோவல் வெளியே வந்தான். "அடுத்த வாரம் பார்க்கலாம், கார்ல்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். அங்கே அவன் வேறு பெயர் கொடுத்திருந்தான்.

என்னைப் பார்த்துவிட்டான். என் வண்டிவரை கூடவே வந்து, ஏறி உட்கார்ந்தான்.

"நீ என்னைப் பார்க்கல."

"உன்னைப் பார்க்கல. கார்ல்னு ஒருத்தனைத்தான் பார்த்தேன். ரொம்ப இளைச்சுப் போயிருந்தான்."

அவன் சிரிக்கவில்லை. "ஜோன் போனதிலேர்ந்து தூக்கம் இல்ல, ஆர்வோ. மாத்திரை குடுத்திருக்காங்க. இப்ப நாலு மணி நேரம் தூங்குறேன்." ஜோன் அவன் மனைவி. ஏப்ரலில் புற்றுநோயில் இறந்தாள்.

"மனுஷனுக்கு வர்றதுதானே. கம்பெனியில சொல்லிட்டு வைத்தியம் பார்த்தா என்ன?"

"நம்ம பைலட் டென்னிஸ் சொன்னானே, என்ன ஆச்சு? பறக்க விடாம நிறுத்திட்டாங்க. ஒண்ணரை வருஷமா மரக்கடையில பலகை அறுத்துக்கிட்டு இருக்கான். அவன் பேப்பர் இன்னும் யார் மேஜையிலயோ கிடக்கு."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

கேப்டன்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல் சோதனை. அந்த மாதம் வந்தால் எல்லா விமானிகளும் விரதம் இருப்பவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். உப்பு கிடையாது, பீர் கிடையாது, காபி கிடையாது. லோவல் அவற்றோடு சேர்த்து மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினான். ஹிப்பிங் போவதையும் நிறுத்தினான். அந்தச் சோதனையில் ரத்தம் எடுப்பதில்லை என்று அவனுக்கே தெரியும். பயம் அதையெல்லாம் எங்கே கேட்கிறது.

ஜனவரியில் தேறிவிட்டான்.

"பதினஞ்சு நிமிஷம்தான். கண்ணு, காது, நெஞ்சு. வேற டாக்டர் யாரையாவது பார்த்தீங்களான்னு ஒரு கேள்வி. இல்லைன்னு போட்டேன். குதிரை மாதிரி இருக்கீங்கன்னாரு."

"இனிமே மாத்திரை போடுவல்ல?"

"எதுக்கு? அதான் தேறிட்டேனே."

அதற்குப் பிறகு அவன் சுற்றிவரும் மூன்று நிமிடம் பத்து நிமிடமானது. கிண்டல் நின்றது. ஒரு நாள், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. இடது எஞ்சினின் முன்னால் நின்று, கையுறையைக் கழற்றி, அதன் உலோக விளிம்பில் உள்ளங்கையை வைத்திருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கையைப் பிடித்து இழுத்தபோது கொஞ்சம் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"இங்க சத்தமே இல்ல, ஆர்வோ" என்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால் விமானத்துக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வண்டி காது கிழிய உறுமிக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை உள்ளே நாற்பத்தாறு பேர். விமானியோடு பேசும் என் காதுக்கருவியின் கம்பியை விமானத்தில் செருகினேன். நான் கேட்பேன், கேப்டன் "ரெடி" என்பார், அடிப்பேன். அடித்து முடித்ததும் "இறக்கை சுத்தம்" என்று சொல்லி நேரத்தையும் சொல்வேன். அந்தச் சொல் இல்லாமல் விமானம் நகராது.

"கேப்டன், ரெடியா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"லோவல், கேக்குறாங்க." துணை விமானி கெல்சியின் குரல்.

"ஜோன், கொஞ்சம் இரு" என்றான் லோவல். பிறகு வழக்கமான குரலில், "ரெடி."

அடித்தேன். இறக்கை கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

"இறக்கை சுத்தமில்லை" என்றேன்.

"என்ன இருக்கு?"

"பனி. ஓரத்துல."

"நான் பார்த்தப்ப இல்லையே."

"இப்ப இருக்கு."

கெல்சி இறங்கி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஏணியில் ஏறி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே."

"இல்லதான்."

மேலே கண்ணாடி வழியாக லோவல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "நேத்தும் அந்தப் பேரைச் சொன்னார்."

"அப்ப போகாத. மேலிடத்துல சொல்லு."

"என்னன்னு சொல்றது? பொண்டாட்டி பேரைச் சொன்னார்னா? நேத்து விமானத்தை என்னைவிட நல்லா இறக்கினார். பேப்பர்ல அவருக்கு ஒரு குறையும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் சோதனை வருது. என் வீட்லயும் ஒரு மாத்திரை டப்பா இருக்கு."

ஒரு தாளில் ஒரு போன் எண்ணை எழுதி என் கையுறைக்குள் திணித்தாள். "கஷ்டத்துல இருக்கிற விமானிங்களுக்கான நம்பர். விமானிங்களே எடுத்துப் பேசுவாங்க. டாக்டருக்கும் போகாது, கம்பெனிக்கும் போகாது. அவரு பண்ண மாட்டார். நான் பண்ணினா என் குரல் தெரிஞ்சிடும்."

ஏறிப் போய்விட்டாள்.

"ஆர்வோ, என்ன கூத்து அங்க? அரை மணி நேரம் லேட்டு" என்று மேற்பார்வையாளர் கோர்டி ரேடியோவில் கத்தினான்.

காதுக்கருவியில் லோவல். "ஆர்வோ. சொல்லிடு." அது கட்டளைக் குரல் அல்ல.

சொல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் ஹிப்பிங், கார்ல், மாத்திரை எல்லாம் வெளியே வரும். அவன் மறுபடி அந்த இருக்கையில் உட்கார மாட்டான். அந்த வீட்டில் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? நான் அவனைத்தான் நினைத்தேன். நாற்பத்தாறு பேரை நினைக்கவில்லை. இதை மறைத்து எழுதிப் பயனில்லை.

"சுத்தம்" என்றேன். நேரத்தையும் சொன்னேன்.

விமானம் எழும்பி மேகத்துக்குள் போனது. கொட்டகைக்குள் ஓடி, கையுறையைக் கழற்றி, அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். வயதான, நிதானமான ஆண் குரல்.

"நீங்க விமானியா?"

"இல்ல. இறக்கையில பனி கரைக்கிறவன்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

லோவலின் பெயரைச் சொன்னேன். ஜோன், ஹிப்பிங், மாத்திரை, ஒட்டிக்கொண்ட கை, காலையில் கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்ல காரியம் பண்ணினீங்க" என்றார். "நானே அவர்கிட்ட பேசுறேன். இப்ப எங்க இருக்கார், வீட்லயா?"

"மேல இருக்கான்" என்றேன். "நாப்பத்தாறு பேரை வச்சுக்கிட்டு."

மறுமுனையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.