கோபாலகிருஷ்ணனின் சங்குச் சங்கதிகள்

நெய்வேலி பதினாறாம் பிளாக்கில் குடியிருந்த கோபாலகிருஷ்ணனுக்கு, ஷிப்ட் சங்கு ஊதும்போதெல்லாம் யாராவது ஒரு பிரபலத்தைப் பற்றி ஒன்றுக்கும் உதவாத சங்கதி ஒன்று தெரிந்துவிடும். விருதுநகரிலிருந்து வந்து சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரமே இது தொடங்கிவிட்டது. கோப்பை வாங்கிய ஒரு கேப்டனுக்குக் கத்தரிக்காய்க் காம்பைத் தொட்டால் தும்மல் வரும். ஒரு கனவுக்கன்னி லிப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கத்தில் இருந்தாலும் சங்கு ஓய்வதற்குள் கோபாலகிருஷ்ணனின் வாய் அதைச் சொல்லிவிடும். டாக்டர் காதில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை கொடுத்தார்.

அதெல்லாம் எவ்வளவு நல்ல காலம்! சாப்பாட்டுத் தூக்கும் கையுமாக நிறுத்தத்தில் நிற்கிறவர்கள், “இன்னிக்கு யாரு சார்?” என்று அவரிடம் கேட்காமல் ஷிப்ட் பஸ் ஏற மாட்டார்கள். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சுரங்கத்தில் இறங்குவார்கள். அவர் மனைவி அகிலா மட்டும், “ஊரு உலகம் பூரா தெரியுது, வீட்டுல உப்பு தீர்ந்தது தெரியலை” என்று நொடிப்பார். கையில் போன் வந்த பிறகு பாதிப்பேர் கேட்பதை விட்டுவிட்டார்கள். சங்கு விடவில்லை.

போன ஐப்பசியில் அகிலா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று ஆளாளுக்கு அவரைப் பற்றி ஒன்று சொல்ல, கோபாலகிருஷ்ணனும் வாயைத் திறந்தார். “நல்லவ” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதைத்தான் செத்தவர்கள் எல்லாரையும் பற்றிச் சொல்கிறோமே! ஊரார் தும்மல்வரை தெரிந்த மனுஷனுக்குச் சொந்தப் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்ல ஒரு சின்னச் சங்கதி இல்லை. பாவம், அன்றைக்கு அவர் அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. தை முடிந்தால் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு விருதுநகர் போக வேண்டும். அங்கே இந்தச் சங்கு கேட்காது. அதற்குள் ஒரு தடவையாவது சங்கு அகிலாவைப் பற்றி ஒன்று சொல்லாதா என்று ஏங்கினார்.

பக்கத்து வீட்டுக் குமரவேல் கம்மாபுரத்துக்காரர். அவர்தான் வழி சொன்னார். “சங்கு பெரிய ஆளுங்களதான சொல்லுது? அக்காவப் பெரிய ஆளாக்கிட்டா முடிஞ்சிதுங்க. ஒரு பேனர் அடிப்போம். சும்மா அழுதுகினு கெடக்காதீங்க சார்.”

பேனர் வந்தது. பழக்கதோஷத்தில் குமரவேல் மேலே தலைவர்கள், நடுவே நடிகர்கள், கீழே நண்பர்கள் என்று அடித்துவிட்டார். அகிலா ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார். சங்கு ஊதியது. மேல்வரிசைத் தலைவர் ஒருவர் தலையணை உறையை மாற்றவே விடமாட்டார் என்று தெரியவந்தது. “அடப்பாவி!” என்று கோபாலகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த பேனரில் அகிலா மட்டும்தான், ஆளுயரத்துக்கு. அதைப் பஜார் முனையில் கட்டினார்கள். இந்தம்மா யார் என்று கேட்காத ஆள் இல்லை. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் அவரைப் பெரிய டாக்டர் என்றார்கள். கம்மாபுரத்தில், நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர் என்றார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் யாரோ தங்கள் குழந்தைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கூடவே நின்று செல்பி எடுக்கக் கூட்டம் அலைமோதியது.

கோபாலகிருஷ்ணனின் வேலைக்குக் கடைசி நாள். போட்ட மாலையோடு மத்தியானம் வீட்டு வாசலில் நின்றார். தெருவே கூடியிருந்தது. சங்கு ஊத, வாய் தானாகச் சொன்னது:

“புகழ்பெற்ற அகிலா, கேஸ் தீரப்போகும் நாட்களில் சிலிண்டரைத் தட்டிக்கொடுத்து, ‘கோபாலு, இன்னும் ரெண்டு நாள் தாக்குப் பிடிடா’ என்பார்.”

யாரும் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ‘ஏங்க’ என்பதைத் தவிர அகிலா அவரை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. தெருவுக்கே அது தெரியும். கோபாலகிருஷ்ணன் மாலையைக் கழற்றக்கூட இல்லை, நேரே சமையலறைக்குப் போய்ச் சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“சரிடி,” என்றார்.

அந்தச் சிலிண்டர் லாரியில் விருதுநகர் போனது. இரண்டு வேளையும் அவர் அதில்தான் சமைக்கிறார், இன்றுவரை தீரவில்லை. கேஸ்காரர் வந்து கேட்டால், “இன்னும் இருக்குப்பா” என்று அனுப்பிவிடுகிறார்.