மதினி பிரித்த கட்டு

எங்கள் வீட்டுக்காரருக்கு அக்கா என்றால் சாமி மாதிரி. அந்த சாமிதான் அவர் கால் கட்டைப் பிரித்துப்போட்டது.

அவர் ஜெகதாப்பட்டினம் மீன்துறைக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறவர். சர்க்கரையில் பாதம் மரத்துப்போய், கிளிஞ்சல் குத்தியதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறார். வாடை வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வலது பெருவிரலுக்குக் கீழே குழியாகப் புண். மாசக்கணக்கில் கட்டு மாற்றியும் ஆறவில்லை. கடைசியில் புதுக்கோட்டையில் டாக்டர் ரம்யா புது மாதிரிப் பட்டை ஒன்றை வைத்துக் கட்டினார். பஞ்சு மெத்தையில் ஒரு துண்டை வெட்டினதுபோல் இருந்தது.

"மருந்து இதுக்குள்ளயே இருக்கும்மா. புண்ணுல கசியுற தண்ணிய இது உறிஞ்ச உறிஞ்ச, மருந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். கொழகொழன்னு ஆகும், நெறம் மாறும். பயந்துபோய்ப் பிரிச்சிராதீங்க. காய்ச்சல் அடிச்சாலோ கால் வீங்குனாலோ உடனே வாங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழமை நான்தான் பிரிப்பேன்."

அன்றைக்கும் சீழ் குறையாவிட்டால் முன்பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றார். அப்புறம் லாரியில் எதை வைத்து பிரேக் பிடிப்பது?

அன்றிலிருந்து நான் அந்தக் காலுக்குக் காவல்காரி. எங்கள் வல்லத்திராக்கோட்டையில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸைக் கொடுத்த கையோடு, "எங்க, புண்ணக் காட்டு" என்பார்கள். காட்டாவிட்டால் மரியாதைக் குறைவாம். "அது என்ன தேரா, எல்லாரும் வந்து பாக்க?" என்று நான் கேட்டதில் இரண்டு சொந்தக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

அன்னவாசலிலிருந்து வந்து தங்கிய என் நாத்தனார் கண்ணாத்தாளிடம்தான் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வந்ததிலிருந்து கட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும் செல்வி? செத்த காத்தாட விடணும்."

"காத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க சும்மா இருங்க மதினி."

புதன்கிழமை ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புகிறேன், இவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கண்ணாத்தாள் அந்தப் புண்ணில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வெந்நீர்ச் சட்டி. பட்டை குப்பை முறத்தில் கிடந்தது.

"எம்புட்டுச் சீழுங்குற. கொழகொழன்னு. எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டேன்."

எனக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது. "அது சீழு இல்ல மதினி, மருந்து. மருந்தக் கழுவி ஊத்திட்டு மஞ்சள அப்புறீங்களா? அவரு காலு போச்சுன்னா நீங்களா வந்து வண்டி ஓட்டுவீங்க?"

இவரிடம் திரும்பினேன். "நீங்களாவது வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"அக்கா கேட்டுச்சு," என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்தேன். கூப்பிடாமலேயே கண்ணாத்தாளும் ஏறிக்கொண்டார். வழி முழுக்க ஏசித் தீர்த்தேன். மதினி ஆஸ்பத்திரிக்குள் வரமாட்டேன் என்று டூவீலர் நிறுத்துகிற இடத்திலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் ரம்யா என்னைவிடக் கோபக்காரர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திட்டி முடித்து, மஞ்சளைக் கழுவி எடுத்து, விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். நான் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சீழு அடங்கிருச்சும்மா. புதுச்சதை வருது பாருங்க. வெட்ட வேண்டியதில்ல. வேற பட்டை வைக்கிறோம். இனிமே யாரும் கை வைக்கக் கூடாது."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிட்டு வா," என்றார்.

போனேன். "காலு தப்பிச்சிருச்சு மதினி."

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "மறுபடி மூடப் போறாகளா?" என்றார்.

"மூடாம? தெறந்து போட்டு வேடிக்கை பாக்கவா?"

"ஒங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் கட்டுனாக."

அண்ணன் என்றது அவர் வீட்டுக்காரரை. சர்க்கரையில் இறந்துபோனார் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்.

"ஒரு கம்பவுண்டரு கட்டிவிட்டு, தொடாதன்னு சொன்னாரு. தொடல. வாடை வந்துச்சு, அப்பவும் தொடல. சொன்ன பேச்சக் கேட்டேன் செல்வி. கெடு முடிஞ்சு பிரிச்சா உள்ள பூராம் புழு. மூடித்தான இருக்குன்னு நான் பாட்டுக்குச் சோறாக்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

இத்தனை வருசத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு வந்தேனே, பாவம், இதை மனசில் வைத்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினேன். சிஸ்டர் புதுப் பட்டையை உறையிலிருந்து எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர். இவங்க பாக்கணும்."

டாக்டர் முறைத்தார். மதினி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் விளக்கைத் திருப்பி வைத்தார்.

"கிட்ட வந்து பாருங்கம்மா. தொட மட்டும் வேணாம்."

கண்ணாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். ஓரமெல்லாம் பார்த்தார். குழிக்குள் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு நிமிர்ந்து, "ஒண்ணுமில்ல. மூடுங்க தாயி," என்றார்.