கடைசியாகக் கிளம்புகிறவர்கள்

எங்கள் அணிக்குக் கொடி கிடையாது. லாட்வியா, ஹங்கேரி, நார்வே, டென்மார்க், ஸ்லோவேனியா என்று பல ஊர்ப் பெண்களைப் பொறுக்கிச் சேர்த்த ஐஸ் ஹாக்கி அணி. தனித்தனி நாடாகப் போனால் பெரிய அணிகள் எங்களோடு மோத நேரம் ஒதுக்காது. அதனால் போப்ராட் ஊரில் நடக்கும் குளிர்காலப் போட்டிக்கு எல்லாரையும் ஒரே சாம்பல் நிறச் சட்டைக்குள் போட்டு அனுப்பினார்கள். அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'மிச்சம் மீதி'.

நான் உர்ஷ்கா. ஸ்லோவேனியாவின் யெசெனிட்செ ஊரில் பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு. அணியில் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் எனக்கு ஆட்டம். அதுவரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்கள் மாறும்போது தடுப்புக் கதவைத் திறந்து மூட வேண்டும். அதை ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒருமுறை டென்மார்க்காரியின் மட்டை கதவில் மாட்டிக்கொண்டது. அது என் தவறாகவும் இருக்கலாம்.

வந்த அன்று மாலை, ஆட்டுப்பால் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு உருண்டைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் கோச் ஜர்மிலா விஷயத்தைச் சொன்னார்.

"மூணு ஆட்டம். அதுல ஒரே ஒரு புள்ளி எடுத்தா அடுத்த வருஷமும் இந்த அணியைக் கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா இதோட சரி."

"அப்ப ஒரு ஆட்டமாவது ஜெயிக்கணுமா கோச்?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சா மூணு புள்ளி. அறுபது நிமிஷம் சமமா முடிச்சாலே ஒண்ணு கைக்கு வந்துடும். அதுக்கப்புறம் தோத்தாலும் அதை யாரும் புடுங்க முடியாது."

எங்கள் யாருக்கும் இதைவிட்டால் பெரிய அணிகளோடு ஆட வேறு வழி கிடையாது.

முதல் ஆட்டத்தைக் கெடுத்தது ஒரு வாசல். உடைமாற்றும் அறையிலிருந்து பனித்தளத்துக்குள் கோல்கீப்பர் முதலில் போவாள். எங்கள் அணியில் அது நார்வேக்காரி இங்வில்ட். மற்றவர்கள் அவரவர் ராசிப்படி. லாட்வியாவின் ஜிந்த்ரா தன் நாட்டு அணியில் எப்போதும் கடைசியாகக் கிளம்புகிறவள். ஹங்கேரியின் கிங்காவும் அப்படித்தான். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சாக்லேட்டை உடைத்துத் தின்றவர்கள். ஆனால் இதைப் பற்றி மட்டும் யாரும் யாரையும் கேட்டிருக்கவில்லை.

அவர்களைக் காணோம் என்று கோச் என்னை உள்ளே துரத்தினார். இருவரும் வாசலின் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றார்கள்.

"போடி முன்னால," என்றாள் ஜிந்த்ரா.

"நீ போ. சின்ன வயசுலேர்ந்து நான்தான் கடைசி."

"நான் கடைசியா வராத ஒரே நாள்ல எனக்குப் பல்லு போச்சு. பாரு."

கிங்கா குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. காத்து வரும். போ."

"ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துடுங்களேன்," என்று கெஞ்சினேன்.

"வாசல் அவ்வளவு அகலமில்ல," என்றாள் கிங்கா. அது உண்மைதான்.

வெளியே விசில் கேட்டது. தாமதத்துக்குத் தண்டனையாக இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டியதாயிற்று. அந்த இரண்டு நிமிடத்துக்குள் சுவிஸ் அணி ஒரு கோல் போட்டது. ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான்.

கோச் கத்தவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் கிங்கா கடைசி, மூன்றாவதில் ஜிந்த்ரா கடைசி என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது ஆட்டத்தில் ஜிந்த்ரா கடைசிக்கு முந்தின ஆளாக, முள்மேல் நடப்பதுபோல வந்தாள். பக் என்கிற அந்த ரப்பர் வட்டை அன்று அவள் எப்படித் தள்ளினாலும் எதிரணிக்கே போனது. நான்கு கோல் வாங்கி, ஒன்று போட்டுத் தோற்றோம்.

இரவுச் சாப்பாட்டில் இருவருக்கும் நடுவில் நான்.

"உர்ஷ்கா, அவகிட்ட உப்பு கேளு," என்றாள் ஜிந்த்ரா.

"உர்ஷ்கா, அவளுக்கும் கை இருக்குன்னு சொல்லு."

நான் எழுந்துபோய் உப்பை எடுத்துவந்து வைத்தேன். பூண்டு சூப் ஆறிவிட்டிருந்தது.

மூன்றாவது ஆட்டம் செக் அணியோடு. அன்று காலைப் பயிற்சியில் இங்வில்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தளத்தில் படுத்தாள். கோச் என்னைத் தேடவில்லை, நான் கதவருகில்தான் நின்றிருந்தேன்.

"நீதான்," என்றார்.

கோல்கீப்பரின் கால் கவசமான பேடுகளைக் கட்டிக்கொண்டேன். ஊன்றுகோலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த இங்வில்ட் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலது பேடை இடதுகால்ல கட்டியிருக்கே. பரவாயில்ல, நான் ரெண்டு தடவை பண்ணியிருக்கேன்."

"பொய்தானே?"

"ஆமா."

அதற்காகவே அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். குனிந்து பேடுகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன்.

வாசலில் முதல் ஆளாக நின்றேன். முன்னால் வெளிச்சம், கூட்டத்தின் சத்தம். எனக்கு முன்னால் ஒரு முதுகு இல்லாமல் நான் தளத்துக்குள் போனதே இல்லை. கால் எழவில்லை. பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திரும்பினால் ஜிந்த்ரா.

"நீங்க கடைசியிலதானே நிக்கணும்? இன்னைக்கு உங்க முறை."

"இன்னைக்கு உன் முதுகைப் பாத்துக்கிட்டே வரணும்போல இருக்கு. நட."

வரிசையின் கோடியிலிருந்து கோச் குரல் கொடுத்தார். "அப்ப கிங்கா, நீயே கடைசி. இன்னைக்கும் உனக்கு அடிச்சது யோகம்."

கிங்கா எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து ஜிந்த்ராவுக்குப் பின்னால் நின்றாள்.

"அவ விட்டதை நான் எடுத்துக்கணுமா? எனக்கு மானம் இல்லையா?"

ஜிந்த்ரா ஒரு நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளிடம் நேராகப் பேசினாள். "பல்லு போயிடும்டி."

"இன்னும் நெறைய இருக்கு."

ஜிந்த்ரா மட்டையின் நுனியால் என் இடுப்பில் தட்டினாள். கால் நகர்ந்தது. அன்று எல்லாருக்கும் கடைசியாக வந்தது ஊன்றுகோலில் இங்வில்ட்.

ஆட்டத்தை வரிசைப்படி நினைவுகூரப் பார்க்கிறேன், வரவில்லை. தொடக்கத்திலேயே ஒரு பக் என் கால்களுக்கு நடுவே போய்விட்டது. பெஞ்சைப் பார்த்தேன். இங்வில்ட் என் இடத்தில் உட்கார்ந்து கதவைத் திறந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முகத்தைக் கோணலாக்கிக் காட்டினாள். பிறகு எங்கள் டென்மார்க்காரி ஒன்று போட்டாள், அவர்கள் ஒன்று போட்டார்கள், கிங்கா ஒன்று போட்டாள். இரண்டுக்கு இரண்டு. அதற்குப்பின் செக் பெண்கள் எங்கள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. நான் தடுத்துத் தெறிக்கவிட்டதையெல்லாம் ஜிந்த்ரா மட்டையால் பெருக்கித் தள்ளினாள். ஒருமுறை எனக்கு எதுவும் தெரியாதபடி முன்னால் ஆட்கள் மறைத்துக்கொண்டபோது, கிங்கா குறுக்கே படுத்து பக்கை விலா எலும்பில் வாங்கினாள். எழுந்து, இருமி, "ஒண்ணுமில்ல, பல்லு பத்திரம்," என்றாள்.

அறுபதாவது நிமிடத்தின் மணி அடித்தது. கோச் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புள்ளி எங்கள் கையில்.

கூடுதல் நேரத்திலும் கோல் விழவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து, கோல்கீப்பருக்கு நேர் எதிரே நின்று பக்கை அடிக்கும் சுற்று. அதில் தோற்றோம். கடைசி பக் என் தோளுக்கு மேலே போனது. நான் முழங்காலைச் சீக்கிரமாக மடக்கிவிட்டேன். அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரின் முகமூடியில் நெற்றியால் முட்டிவிட்டுப் போவது வழக்கம். இத்தனை ஆண்டுகளில் நானும் எத்தனையோ பேரை முட்டியிருக்கிறேன். என்னை யாரும் முட்டியதில்லை. டென்மார்க்காரி வந்தாள், மற்றவர்கள் வந்தார்கள். பிறகு வரிசை நின்றுவிட்டது.

"நீ போ," என்றாள் கிங்கா.

"வாசல்ல விட்டுக்கொடுத்தேன்ல? இதுல முடியாது. நான்தான் கடைசி."

"விலா எலும்பைக் கொடுத்தவ நான்."

நடுக்கோட்டில் செக் அணி கைகுலுக்கக் காத்திருந்தது. நடுவர் விசிலை வாய்வரை கொண்டுபோய், ஏதோ நினைத்து இறக்கினார். நான் இரண்டு கையுறைகளையும் நீட்டி இருவர் சட்டையையும் பிடித்து இழுத்தேன். தளத்தில் வாசல் ஏதுமில்லை, இடம் நிறைய இருந்தது. மூன்று ஹெல்மெட்டும் ஒன்றாக மோதின. என் மூக்கு இடிபட்டுக் கண்ணில் நீர் வந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும்…" என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடுடி," என்றாள் ஜிந்த்ரா. "அதை அடுத்த வருஷம் வந்து சொல்லு."