அறுபதாயிரம் புத்தகங்கள் இடம் மாறின

வாசிப்புக் கூடத்தின் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். சுற்றிலும் முந்நூறு அட்டைகள் பரந்து கிடந்தன. உயர்ந்த சன்னல்கள் வழியே காலை வெயில் சாய்ந்து இறங்க, அதில் தூசி, தரைக்கு வர மனமில்லாததுபோல் மிதந்துகொண்டே இருந்தது. பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்தத்தில், அந்த நூலகத்தின் புத்தகங்களுக்கு எண் கொடுத்து அட்டவணை எழுதி வருகிறவள். இப்போது அறுபதாயிரம் புத்தகங்களும் ஆற்றுக்கு அக்கரையில் புதுக் கட்டடத்துக்குப் போக வேண்டும். நாற்பது நாள் கெடு.

சுமை தூக்குகிறவர்கள் பன்னிரண்டு பேர் சுவரில் சாய்ந்து காத்திருந்தார்கள். அவர்களுக்கு அவள் நம்பர் அக்கா.

"அக்கா, நாங்க வந்து ஒரு மணி நேரமாச்சு. நீங்க சீட்டாடி முடிச்சீங்கன்னா நாங்க பெட்டியத் தூக்குவோம்" என்றார் மேஸ்திரி.

"இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி மேஸ்திரி. பொறுத்தார் பூமியாள்வார்."

"பூமி வேணாம்க்கா. பெட்டி போதும்."

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வேலை இருந்தது. அலமாரிப் பலகைகளைப் பூட்டி நிறுத்துதல், விளக்கு மாட்டுதல், லிப்ட், லாரி. அடியில் 'இதையும் பார்க்க' என்று இன்னோர் அட்டையின் எண். கடலைப் பற்றிய புத்தகத்துக்கு 'மீன்பிடிப்பையும் பார்க்க' என்று எழுதிப் பழகிய கை அது. புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்து வடக்கு அறை அலமாரிகளுக்கான அட்டையில் 'சுவர்ப் பூச்சையும் பார்க்க' என்று எழுதியிருந்தாள். அந்தச் சுவர் காய இன்னும் எட்டு நாள் ஆகும். திட்ட அதிகாரி போட்டிருந்த பட்டியலிலோ முதல் லாரியே அந்த அறைக்குத்தான்.

அதிகாரி வந்து அட்டைகளின் ஓரத்தில் நின்றார். "கீழ்த்தளத்துலேருந்து ஆரம்பிக்கச் சொன்னேனே மேடம்?"

"அங்க சுவர் ஈரமா இருக்கு சார். ஒரே வாரத்துல புத்தகமெல்லாம் பூசணம் பூத்துடும். மூணாவது மாடிய நிரப்பிட்டு இறங்கி வரணும்."

"நடுநடுவுல என்ன, ஒண்ணுமே எழுதாத அட்டை?"

"அது காலி நாள் சார். அலமாரில ஒவ்வொரு வரிசைலயும் ஒரு சாண் இடம் விடுவோம். என்ன புத்தகம் வரும்னு தெரியாது. ஆனா வரும்."

அதிகாரி சிரித்தார். கெடு தவறினால் உருளப்போவது தன் தலைதான் என்று அறிந்தவர். "சரி, உங்க வழியிலயே போங்க. இது நல்லபடியா முடிஞ்சா அடுத்து நாலு கிளை நூலகம் மாறணும். அதுக்கு நீங்கதான் திட்ட மேலாளர். நிரந்தர வேலை. என் வாக்கு."

அவள் அதை வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாதவர். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. முடிதிருத்துகிறவருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் அவள் மேலாளராகவே ஆகிவிட்டாள். காலையில் அவளுடைய செருப்புகளை அப்பாவே மெருகிட்டு வாசலில் வைத்தார்.

"இன்னும் ஆகலப்பா."

"வாக்குக் குடுத்துட்டாங்கல்ல? அப்பறம் என்னம்மா."

அந்த நாட்கள் கனவில் நடப்பதுபோல் நடந்தன. மஞ்சள், நீலம், பச்சைப் பட்டை ஒட்டிய பெட்டிகள் படிகளில் இறங்கி, லாரியேறி, பாலத்தைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. வெறுமையாகிவரும் கூடத்தில் அவள் கண்களை மூடி நிற்பாள். அக்கரையில் இன்னும் பூட்டி நிறுத்தப்படாத அலமாரிகளுக்கு நடுவே அவளால் நடக்க முடிந்தது, திரும்ப முடிந்தது, புத்தக முதுகுகளில் விரலை ஓட்டிக்கொண்டு போக முடிந்தது.

"நானூத்திப் பன்னண்டு!" என்று பெட்டி எண்ணைப் பார்த்து மேஸ்திரி குரல் கொடுப்பார்.

"ரெண்டாவது மாடி, சன்னல் பக்கம், இடது கை மூணாவது அலமாரி. செடி கொடி." கண் திறக்காமலே சொல்வாள்.

"தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வீங்க போல!"

"தூக்கத்துலதான் சொல்லிக்கிட்டிருக்கேன் மேஸ்திரி, எழுப்பிடாதீங்க."

பதினேழாம் நாள் லிப்ட் நின்றுபோனது. இருபத்து மூன்றில் பெருமழை. தவறிய வேலைகளைக் காலி நாட்கள் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டன. முப்பத்தெட்டாம் நாள் கடைசிப் பெட்டி இறங்கியது. ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை.

பத்து நாள் கழித்து அதிகாரி அவளை அழைத்தார். அவர் கண் மேசைமேல் இருந்தது. "மேலாண்மைப் பட்டம் இருக்கணும்கிறாங்க மேடம். விதி. உங்க ஒப்பந்தமும் மாசக் கடைசியோட முடியுது. இனி கம்ப்யூட்டரே எண் போட்டுடுமாம்."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க சார்."

"எழுத்துல ஒண்ணும் இல்லையே மேடம்."

மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை. "மேலதிகாரிகிட்ட நேரா போய்க் கேளுங்கக்கா. நாங்க பன்னண்டு பேரும் பின்னால வந்து நிக்கிறோம்."

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள். அவள் செருப்பை மெருகிட்டுக்கொண்டிருந்த அவர் கையில் பிரஷ் நின்றது.

"யார் வாசல்லயும் போய் நிக்காத. நம்ம குடும்பத்துல யாரும் நின்னதில்ல" என்றார். பிறகு, "கடைசி நாள் வரைக்கும் நேரத்துக்குப் போ. நம்ம பக்கம் ஒரு சொல் வரக் கூடாது."

மறு செருப்பை எடுத்து அதற்கும் மெருகிட்டார்.

கடைசி நாள் பிற்பகலில், எண் கொடுக்க வேண்டிய புத்தகங்களில் ஒன்றே மிச்சம் இருந்தது. பச்சை அட்டை, வழவழப்பான தாள். 'ஒரு நூலகத்தின் இடமாற்றம்: திட்ட மேலாண்மைக்கு ஒரு முன்மாதிரி.' கீழே அதிகாரியின் பெயர். தளர்ந்த அலமாரியொன்றை முடுக்க வந்த மேஸ்திரி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அட்டவணைல நீங்கதான எழுதப் போறீங்க? உங்க பேரப் போட்டுக்குங்கக்கா. யார் கேக்கப் போறா?"

"முகப்புப் பக்கத்துல என்ன அச்சாகியிருக்கோ அதத்தான் எழுதணும் மேஸ்திரி. நமக்குத் தெரிஞ்சத எழுதக் கூடாது."

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தாள்களைப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். முழுப் பக்கப் படம். பழைய கூடத்தின் தரை, சாய்ந்த வெயில், பரந்து கிடக்கும் அட்டைகள். ஓரத்தில் ஓர் அட்டையை வைக்கும் கை. மணிக்கட்டோடு படம் முடிந்திருந்தது.

"அக்கா, இது உங்க கைதான?"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி, முதுகோரம் அளவுகோலை வைத்து அளந்தாள். அட்டவணை அட்டையில் அதிகாரியின் பெயரை எழுதி, அதற்குக் கீழே, பதினோரு வருடமாக எழுதிய அதே சிறிய நேரான எழுத்தில் எழுதினாள்:

96 பக்கங்கள்; 28 செ.மீ.; படங்களுடன்.