கடைசி வீட்டுத் தட்டல்

ஓடினாள். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் போன். குடிநீர் வாரியக் கன்ட்ரோல் ரூம் பையன் போனில் பதறினான்.

"ஆஸ்பத்திரி டேங்க்ல முழங்கால் அளவுதான் மேடம் இருக்கு. ஆபரேஷனை நிறுத்தி வெச்சிருக்காங்க. பழைய தெரு வால்வை எவனோ திறந்துட்டான்."

எவனோ இல்லை. அவளுக்குத் தெரியும்.

பழைய தெரு முனையில் வால்வுக் குழியின் மூடி திறந்து கிடந்தது. ஆளுயர இரும்புச் சாவியை வால்வில் மாட்டி, அதன் தலையில் காதை வைத்து நின்றிருந்தார் அப்பா. ஓய்வு பெற்ற வால்வுக்காரர்.

"மூடுங்கப்பா. ஆஸ்பத்திரிக்குத் தண்ணி போகலை."

"தட்டல் வரட்டும். கடைசி வீட்டுக்கு ஏறாம மூடினா உங்கம்மா என்னை உள்ள விடுவாளா?"

கடைசி வீடு அவர்களுடையதுதான். தெருவுக்கே தண்ணீர் திறந்து விடுபவர் வீட்டுக்கு எல்லோருக்கும் பிறகுதான் வரும். "நல்ல இடமாப் பாத்துக் குடுத்தாங்க என்னை" என்று அலுத்துக்கொண்டே, குடம் நிரம்பியதும் அம்மா கரண்டியால் குழாயைத் தட்டுவாள். இரும்பு வழியே அது இங்கே வந்து சேரும். அப்பா சிரித்துக்கொண்டே மூடுவார். பள்ளி விட்டு வரும் வழியில் அவளும் சாவியில் காதை ஒட்டிக் கேட்டிருக்கிறாள். சில்லென்ற இரும்பு. உள்ளே ணங் ணங்கென்று அம்மா. அதற்குப் பிறகு எந்தப் போனிலும் யாரும் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

சாவியைப் பிடுங்கலாம். இழுபறியில் துருப்பிடித்த தண்டு முறிந்தால் வால்வை மூடவே முடியாது.

"நான் போய் அம்மாவைப் பாத்துட்டு வரேன்."

"அப்படியே குடத்தை இறக்கி வெச்சுட்டு வா. இடுப்பு வலின்னு நேத்தே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா."

வீடு வரை போகவில்லை. பாலத்தடியில் அந்தக் குழாய் வெளியே தெரியும். இறங்கி, ஸ்பானரால் தட்டினாள். ஒன்று. இரண்டு.

திரும்பி வந்தபோது அப்பா சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று முடியவும் போன் வந்தது. "ஏறுது மேடம். பிரஷர் ஏறுது."

மூச்சு விட்டாள். அப்பா சாவியை உருவித் தோளில் சாய்த்து நடந்தார். நின்றார்.

"உங்கம்மா மூணு தட்டு தட்டுவா."

அவள் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். பிறகு சாவியை அவளிடம் நீட்டினார்.

"அவ போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறுப்பா. அந்தத் தெருவே இப்ப இல்ல, இடிச்சுட்டாங்க. இவ்வளவு நேரமும் தண்ணி வெறும் கல்லு மேலதான் கொட்டிக்கிட்டு இருந்துச்சு."