வளைவில் கசிந்த வெளிச்சம்

மந்தைவெளியில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருக்கும் ஃப்ளோரன்ஸ், இருபத்து நான்கு வருடங்களாகப் பள்ளியில் ப்ளஸ் டூ மாணவிகளுக்கு இயற்பியல் எடுப்பவர். கைப்பேசியில் வருகிற இணையமே போதும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தார். அவருடைய அண்ணன் ராஜநாயகத்துக்குத்தான் அது போதவில்லை.

ராஜநாயகத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாகர்கோவிலில் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி வந்த பிறகு சென்னைப் பக்கம் வரவே இல்லை. அண்ணனும் தங்கையும் பேசுவதெல்லாம் கைகளால்தான். வீடியோவில் படம் நின்றுபோனால் மற்றவர்களுக்குக் குரலாவது வரும். இவர்களுக்கு அதுவும் கிடையாது. அண்ணனின் விரல்கள் பாதிச் சொல்லில் உறைந்துவிடும். மறுபடி அசையும்போது பேச்சில் அவர் வேறு எங்கேயோ போயிருப்பார். போன மாதம் குளியலறையில் விழுந்ததை அவர் சொல்ல ஆரம்பித்தபோது, மூன்று முறை படம் நின்றது. நான்காவது முறை கையை உதறிவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே ஃப்ளோரன்ஸ் ஃபைபர் இணைப்புக்குப் பதிவு செய்தார்.

சனிக்கிழமை காலை இணைப்புக் கொடுக்க வந்தவர் பெயர் அப்துல் கய்யூம். முப்பத்தைந்து வயதிருக்கும். மொட்டை மாடிப் பெட்டியிலிருந்து கறுப்புக் கேபிளை இறக்கி, கூடத்து ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார். அதன் தோலை உரித்தார். அதற்குள் இன்னொரு தோல். அதையும் உரித்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தபோது அவர் விரல்களுக்கு நடுவே எதுவுமே இல்லாதது போலிருந்தது. ஃப்ளோரன்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெயிலில் ஒரு கோடு மின்னியது.

"கண்ணுகிட்ட கொண்டு போவாதீங்க மேடம். உள்ள லைட்டு வந்துகினு கீது. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது" என்றார் கய்யூம்.

ஃப்ளோரன்ஸ் ஓரடி பின்னால் நகர்ந்தார். கண்ணாடி இழைக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று கரும்பலகையில் அவர் எத்தனை முறை படம் போட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. இரண்டு இணைகோடுகள், நடுவே மோதி மோதித் திரும்பும் ஓர் அம்பு. நிஜத்தில் அந்த இழையை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கய்யூம் வீட்டுக்குள் ஓடவேண்டிய மஞ்சள் கேபிளின் இழையையும் அதேபோல் சுத்தம் செய்து, இரண்டு முனைகளையும் டிபன் பெட்டி அளவிலான ஓர் இயந்திரத்துக்குள் எதிரெதிரே வைத்து மூடினார். அதன் சின்னத் திரையில் முனைகள் இரண்டும் தூண்களைப் போலப் பெரிதாகத் தெரிந்தன. யாரும் தொடாமல் அவை ஒன்றையொன்று நெருங்கின. ஒன்று கொஞ்சம் மேலேறியது, மற்றொன்று இறங்கியது. நேர்கோட்டுக்கு வந்ததும் நடுவில் ஒரு பொறி வெடித்து அடங்கியது. அதன்பின் திரையில் இருந்தது ஒரே தூண். சேர்ந்த இடம் எது என்று ஃப்ளோரன்ஸ் தேடினார். அகப்படவில்லை.

இங்கிருந்து இது எங்கே போகிறது என்று கேட்டார். மாடிப் பெட்டி, தெருமுனைக் கம்பம், அப்புறம் லஸ் பக்கம் இருக்கிற கம்பெனி அறை என்று கய்யூம் கைகாட்டிக்கொண்டே போனார். நாகர்கோவிலுக்கு?

"அங்க வரிக்கும் இதே கண்ணாடிதான் மேடம். நடுவுல எத்தினி பேரு ஜாயின்ட் போட்டாங்களோ, யாருக்குத் தெரியும்."

மஞ்சள் கேபிளைச் சுவரோரமாகக் கொண்டுபோய், பீரோவுக்குப் பின்னால் நுழைத்து, புத்தக அலமாரியில் வைத்த ரவுட்டரில் செருகினார். ரவுட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அது பச்சையாக வேண்டும். கய்யூம் கழற்றிச் செருகினார், துடைத்துச் செருகினார். சிமிட்டல் நிற்கவில்லை. வெளிச்சம் இங்கே வந்து சேரவில்லை, வழியில் எங்கேயோ தொலைகிறது என்றார்.

பையிலிருந்து பேனா போன்ற ஒன்றை எடுத்துக் கேபிளின் முனையில் மாட்டினார். அது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பும். திரைச்சீலைகளை இழுத்துவிடச் சொன்னார். கூடம் இருண்டது. இருவரும் கேபிளின் வழியே பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். பீரோவின் மூலையில், கேபிள் சுவருக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்கி மடங்கிய இடத்தில், மஞ்சள் தோலைத் தாண்டி ஒரு சிவப்புக் கங்கு ஒளிர்ந்தது.

ஃப்ளோரன்ஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அளவுக்கு மேல் வளைந்தால் ஒளி திரும்பாமல் வெளியே போய்விடும். கோணம் மாறினால் தப்பிக்கும். இரண்டு மதிப்பெண் கேள்வி அது. தன் வீட்டு பீரோவுக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவில், அந்தக் கேள்விக்கான விடை எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, உடனே எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

கய்யூமும் பக்கத்தில் குந்தினார். ஃப்ளோரன்ஸ் கேபிளை விரலால் லேசாக நிமிர்த்தினார். கங்கு மங்கியது. விட்டார், எரிந்தது. ஏழு வருடமாக இதை வெறும் கோளாறு என்றுதான் பார்த்திருப்பதாகவும், இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை என்றும் கய்யூம் பிற்பாடு சொன்னார்.

இருவருமாக பீரோவை நான்கு விரற்கடை நகர்த்தினார்கள். வளைவு தளர்ந்தது, சிவப்பு மறைந்தது. ரவுட்டரில் மறுபடி செருகியதும் விளக்கு பச்சையாகி நிலைத்தது. கய்யூம் மடிக்கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து, வைஃபைக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டார். ஃப்ளோரன்ஸ் வீட்டு எண்ணையே வைக்கச் சொன்னார். வேகம் சோதித்துக் காட்டிவிட்டுக் கய்யூம் பையை மூடினார்.

ஒரு நிமிடம் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி, ஃப்ளோரன்ஸ் வீடியோவில் அண்ணனை அழைத்தார்.

ராஜநாயகம் திரையில் வந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி. இவ்வளவு தெளிவாக அந்தத் தாடியை ஃப்ளோரன்ஸ் பார்த்து வெகுகாலமாயிற்று. பிறகு கைகள் புறப்பட்டன. குளியலறையில் சோப்பு வழுக்கியது, வாளி உருண்டது, எதிர்வீட்டுக்காரர் கதவை உடைத்தது, உடைத்தவர் இவர் இருந்த கோலத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு விரல்கூட எங்கும் நிற்கவில்லை. ஃப்ளோரன்ஸ் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

கய்யூம் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றிருந்தார். ஒரு பேச்சும் புரியவில்லை. ஆனாலும் வாளி உருண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இதெல்லாம் அந்த நூலு வழியாவா போவுது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த நூலோடு ஏழு வருடம் பழகிய மனிதர் அவர்.

யார் அது என்று ராஜநாயகம் கேட்டார். ஃப்ளோரன்ஸ் சொன்னதும், என்ன வேலை, செய்து காட்டச் சொல் என்றார். கய்யூம் கூச்சத்தோடு கேமராவின் முன் வந்து, இழையை உரிப்பதையும் துடைப்பதையும் வெறும் கையால் காட்டினார். இல்லாத இழையை வெளிச்சத்துக்குத் தூக்கி, பழக்கத்தில் இடது கண்ணைச் சுருக்கினார்.

ராஜநாயகம் உற்றுப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் தன் இடது கண்ணருகே வைத்து, கண்ணைச் சுருக்கி, கய்யூமைச் சுட்டினார்.

"அண்ணன் உங்களுக்குப் பேர் வச்சிட்டார்" என்றார் ஃப்ளோரன்ஸ். காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒருவரை எழுத்துக்கூட்டி அழைப்பதில்லை. அவரிடம் கண்ட ஒன்றைக் கையால் காட்டினால் அதுதான் பெயர். "இனிமே இங்க உங்க பேரு இதுதான்."

கய்யூம் அதை ஒருமுறை செய்து பார்த்தார். விரல் சற்றுத் தள்ளி நின்றது. நாகர்கோவிலிலிருந்து ராஜநாயகம் இல்லையென்று தலையசைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோ என்று காட்டினார். இரண்டாம் முறை சரியாக வந்தது.

அடுத்து இணைப்புக் கொடுக்கவேண்டிய அபிராமபுரம் வீட்டிலிருந்து கய்யூமுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. இதோ கிளம்பிவிட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு, அவர் இன்னும் கால்மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.